மரிக்கொழுந்துத் தொட்டிக்கு

ஏ மரிக்கொழுந்தே,

என் வீட்டுக்காரரோட எனக்கு நேத்திலிருந்து பேச்சில்லை. அதனால உனக்கு எழுதுதேன். அவுக எடுத்துப் படிச்சா நான் பொறுப்பில்லை.

குற்றாலத்துல அக்கா வீட்டுக்குப் போறேன். அருவியில குளிச்சிட்டு நாளைக்குச் சாயந்திரம் வருவேன். சாவி உன் தொட்டிக்கு அடியில இருக்கு. தூக்கும்போது தொட்டி கனமா இருந்தா, சாரல்லயே நனைஞ்சாச்சு, தண்ணி ஊத்த வேண்டாம்னு சொல்லிரு. சோறும் புளிக்குழம்பும் உறியில இருக்கு.

நான் தலையில வைக்க ஆசையா வளர்த்த கொழுந்தையெல்லாம் கிள்ளிப் புதுக்காளை கழுத்துல கட்டினாகளே, அதை மட்டும் மறக்கமாட்டேன்.

தங்கத்தாய்

சொல்ல மறந்துட்டேன். உச்சியில ஒரு கொழுந்து மிச்சமிருக்கு. அதுவும் காளைக்குத்தான்னா, நாளைக்குச் சோறு பொங்கவும் காளையையே கூப்பிடச் சொல்லு.