சூடேறினால்தான் ஒழுகும்

ஏங்க,

சாப்பாடு மேசைமேல் மூடி வைத்திருக்கிறேன். கோபம் உங்கள்மேல்தான், வயிற்றின்மேல் இல்லை.

காரில் கூலண்ட் தண்ணீர் குறைகிறது என்று நான் சொன்னதற்கு, "ஒரு சொட்டுகூட ஒழுகலை, நீதான் ஊத்த மறந்திருப்பே" என்று என் அண்ணன் எதிரிலேயே அடித்துச் சொன்னீர்களே! காலையில் ஆறிக் கிடக்கிற எஞ்சினுக்கு அடியில் டார்ச் அடித்தால் என்ன தெரியும்? இன்று நான் கடைக்குப் போய் வந்த சூட்டோடு, எஞ்சினை அணைக்காமல், கீழே அட்டையை விரித்தேன். சொட்டுச் சொட்டாகப் பச்சைத் தண்ணீர்! ரேடியேட்டரின் கீழ்க் குழாயில், போன மாதம் நீங்களே மாட்டிய கிளிப்பிலிருந்துதான்.

அட்டையை டிவிக்கு முன்னால் சாய்த்து வைத்திருக்கிறேன். இன்றைய முக்கியச் செய்தி அதுதான்.

ஒழுகுகிற காரை யாரும் எடுக்க வேண்டாம், சாவி என் கைப்பையில். நான் பஸ்ஸில் போகிறேன். அண்ணன் வந்தால் டீ போட்டுக் கொடுங்கள், அட்டையையும் காட்டுங்கள்.

இடம் போதவில்லை, ஓரத்தில் எழுதுகிறேன்: சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் மூஞ்சியில் அடிக்கும் என்று எனக்குப் பாடம் எடுப்பீர்களே. நானும் இன்னும் ஆறவில்லை. சாயங்காலம் நான் வந்ததும் மெதுவாகப் பேச்சுக் கொடுங்கள்.