அச்சடிக்காத ஃபாரம்

5-7-76, திங்கள்
விடாத மழை. குடைக்கம்பி ஒடிந்தது. கஞ்சிக்கோடு பஸ்ஸில் நின்றபடியே.

ஃபாக்டரிக்குப் போனதும் மேனேஜர் கூப்பிட்டார். தற்காலிகத் தொழிலாளர்களில் 240 நாள் ஆனவர்கள் பெர்மனன்ட். ஆகாதவர்களுக்கு நிறுத்தல் கடிதம். பெர்மனன்ட் ஆகிறவர்கள் பட்டியல் வெள்ளிக்கிழமைக்குள். வழக்கமாக என் புரோகிராம் ஆளுக்கொரு சர்வீஸ் ஃபாரம் அடிக்கும். மெட்ராஸிலிருந்து வெற்று ஃபாரம் கட்டு வரவில்லை.

"குட்டி, ஃபாரம் ஒண்ணும் அடிக்கண்டா. அதுக்குள்ள இருக்கற நாள் கணக்கை மாத்திரம் எடுத்துத் தா. பற்றுமோ?"

முடியும் என்றேன். பெரிய வித்தையா? கம்ப்யூட்டர் ஃபாரத்தை முதலில் வயிற்றுக்குள் நிரப்பிக்கொள்ளும், பிறகுதான் அச்சடிக்கும். 'அச்சடி' என்று சொல்லும் துளை அட்டையை உருவிவிட்டு, நாள் கணக்கை மட்டும் கேட்கும் அட்டையைச் செருகினால் தீர்ந்தது. நானே எழுதிய புரோகிராம். கொஞ்சம் கர்வம்.

மத்தியானம், மோட்டாருக்குக் கம்பிக் காயில் சுற்றும் பழனியம்மா மோர்மிளகாய் தந்தாள். எலப்புள்ளிக்காரி. "ஏனுங்கக்கா, பட்டியலு உங்க மிசினுதான் போடுதுங்களாமா? என்ற பேரு வந்துருமுங்களா? மறுக்கா களை வெட்டப் போறதுக்கு இடுப்புல தெம்பில்லீங்க."

வராமல் எங்கே போகும் என்றேன்.

8-7, வியாழன்
கோயம்புத்தூர். வாடகைக் கம்ப்யூட்டர்; எங்களுக்கு வியாழன் மட்டும், ஒரே ஒரு மணி நேரம். அட்டைப் பெட்டி மடியில், பிளாஸ்டிக் தாள் சுற்றி.

பட்டியல் அரைத் தாளில் வந்துவிட்டது. ஒரு ஃபாரம் செலவில்லை. பெர்மனன்ட் ஆகிறவர்களில் பழனியம்மா பெயர் இல்லை. 231 நாள். பாவம், ஒன்பது நாளில் போய்விட்டது.

திரும்பும்போது வாளையாறு செக்போஸ்ட்டில், "பெட்டியில அரிசியா?" திறந்து காட்டினேன். ஓட்டை ஓட்டையாக அட்டைகள். போலீஸ்காரன் சிரித்துவிட்டுப் போனான்.

9-7, வெள்ளி
பட்டியல் கொடுத்தாயிற்று. மேனேஜருக்கு ஏக சந்தோஷம்.

பழனியம்மாவிடம் சொன்னேன். நம்பவில்லை. "ரெண்டே நாளுதானுங்க வேலைக்கு வல்ல. மாமியா செத்தப்ப." கம்ப்யூட்டர் தப்பாக எண்ணாது என்று வேறு சொல்லி வைத்தேன்.

10-7, சனி
காலையிலிருந்து புரோகிராமை வரி வரியாகப் பார்த்தேன். மனசு கேட்கவில்லை.

கிடைத்தது. பண்டிகை லீவு, சம்பள லீவு இரண்டையும் வேலை நாளோடு கூட்டும் இடம் அச்சடிக்கும் பகுதிக்குள் இருக்கிறது. கடைசி வரி அடிக்கும் முன் கூட்டிக்கொண்டால் போதும் என்று சோம்பேறித்தனமாக அங்கே எழுதியது நான்தான். அச்சடிக்கச் சொல்லாவிட்டால் கூட்டாது. உள்ளே ஃபாரம் இருந்தது, அரைகுறையாக. அதிலிருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

பழனியம்மா: 231 + 12 = 243.
அவளைப் போல இன்னும் பத்துப் பேர். கடவுளே.

அம்மா: "என்னடீ இது, சாதத்தை அளைஞ்சுண்டே இருக்காய்? ஆபீஸ்ல ஆரானும் எதானும் சொன்னாளோ?" யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

12-7, திங்கள்
எட்டரைக்கே மேனேஜர் அறை வாசலில். எல்லாம் சொன்னேன். கடிதங்கள் கையெழுத்தாகி மேஜைமேல் இருந்தன.

"கம்ப்யூட்டர் லிஸ்ட்னு ஹெட் ஆபீஸுக்கு எழுதியாச்சு. இனி அது தெற்று, தப்புனு சொல்லணும்னா ஃபாரம் காட்டணும். ஃபாரம் எவிடே?"

கையால் எழுதித் தரட்டுமா என்றேன். "கைக்கணக்கு வேண்டாம்னுதானே கம்ப்யூட்டர்?"

பதினோரு மணிக்குக் கடிதம் கொடுத்துவிட்டார்கள். யூனியன்காரர்கள் தலை குனிந்து போனார்கள். எமர்ஜென்சி, யார் வாயைத் திறப்பது?

பழனியம்மாவுக்கு நான்தான் படித்துக் காட்டினேன். உண்மையையும் சொன்னேன்.

"அப்பத் தப்பு உங்களுதுங்களா?"

ஆமாம் என்றேன். கடிதத்தை மடித்து இடுப்பில் செருகினாள். பிறகு, "அதையே ஒரு காயிதத்துல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்கக்கா. லேபர் ஆபீசுல காட்டறனுங்க."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கேட் பக்கம் வா, தருகிறேன் என்றேன். திட்டியிருக்கலாம் அவள்.

15-7, வியாழன்
மறுபடி கோயம்புத்தூர். தலைவலி. உருவிய அட்டையைத் திரும்பச் செருகினேன். ஃபாரம் இல்லாததால் வெள்ளைத் தாளில் அடிக்கவிட்டேன். கோடு, கட்டம், தலைப்பு எதுவும் இல்லாமல் வெறும் எண்கள். பழனியம்மா 243. அழுகை வந்துவிட்டது. பேப்பர் சிக்கிடுச்சா என்று ஆபரேட்டர் ஓடி வந்தார்.

16-7, வெள்ளி
தாள்களை மேனேஜரிடம் வைத்தேன். புரட்டிப் பார்த்தார். "இது ஃபாரம் அல்லல்லோ, குட்டி. வெள்ளைக் கடலாஸ்." டிராயரில் போட்டுப் பூட்டினார். "ஒரு துண்டு பேப்பர்கூட வெளியே போகருது. போனா, அடுத்த நிறுத்தல் லிஸ்ட்ல உன் பேரும் இருக்கும்." கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

மத்தியானம் சாப்பிடவில்லை. பழனியம்மா கேட்ட நாலு வரியை எழுதினேன். கிழித்தேன். திரும்ப எழுதினேன், கையெழுத்தும் போட்டேன்.

ஐந்து மணி. மெயின் கேட்டுக்கு வெளியே பழனியம்மா. சாக்கைத் தலையில் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு, மழையில். வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. வெளியே வரும் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காகிதம் பையில் இருந்தது. கேன்டீன் பக்கத்து வாசல் வழியாகப் போய் பஸ் ஏறினேன்.