சின்னவளின் தட்டை யாரும் பார்க்க வேண்டாம்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீ நலமா என்று கேட்கப்போவதில்லை, போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ போட்ட சத்தத்திலேயே உன் உடம்பு கல்லுக்குண்டாக இருப்பது தெரிந்துவிட்டது. போனில் பதில் சொன்னால் பாதியில் நீ வெட்டிவிடுவாய், மீதியில் நான் அழுதுவிடுவேன், அதனால்தான் கடையிலிருந்து வந்ததும் வராததுமாக உட்கார்ந்து எழுதுகிறேன். முழுவதையும் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

"சொந்தப் பொண்ணையே ஆஸ்பத்திரிக்காரங்களுக்கு எலியா குடுத்துட்டியேம்மா" என்றாய். சரி, கேட்டுக்கொள். உன் தங்கச்சியை ஆஸ்பத்திரியின் அந்த மருந்து ஆய்வில் சேர்த்தது நான்தான். உன் அப்பா இல்லை, டாக்டரம்மா இல்லை, நான். யாராவது பழி ஏற்க வேண்டுமென்றால் என் தலையில் போடு, எனக்கொன்றும் தலை கனக்காது. நீ அங்கே கம்ப்யூட்டரில் நாலு பக்கம் படித்துவிட்டு, அது போதை மருந்துக்கு உறவுக்கார மருந்தாமே என்று கேட்டாய். நானும் அதைத்தான் கேட்டேன், முதல் நாளே, டாக்டரம்மா முகத்துக்கு நேராகவே கேட்டேன். அவர் மழுப்பவில்லை. மூளையைத் தூண்டுகிற மருந்துதான், அளவோடு கொடுத்தால் பல பிள்ளைகளுக்குக் கவனம் நிற்கிறது, சிலருக்குப் பசி குறையும், தூக்கம் கெடும், எதை எவ்வளவு கொடுத்தால் யாருக்குச் சரி என்று இன்னும் தெரிந்துகொள்ளத்தான் இந்த ஆய்வு என்றார். சில பிள்ளைகளுக்கு நிஜ மாத்திரை, சிலருக்குப் பார்க்க அதே மாதிரி இருக்கிற, மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று டாக்டரம்மாவுக்கே தெரியாதாம். உன் அத்தை "இதென்ன கண்ணாமூச்சியா" என்று மூக்கை நுழைத்தாள். அதற்கு டாக்டரம்மா, "தெரிஞ்சிருந்தா, நாம என்ன பாக்கணும்னு நெனைக்கிறோமோ அதத்தான் பாப்போம்" என்றார். எனக்கு அப்போது அது மண்டையில் ஏறவில்லை, தலையை மட்டும் ஆட்டி வைத்தேன்.

ஏன் சேர்த்தேன் என்று நீ ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. வீடியோவில் பார்க்கும்போது அவள் உனக்கு வேடிக்கை. சோபாவிலிருந்து குதிப்பாள், நீ சிரிப்பாய், போனை வைத்துவிடுவாய். வகுப்பில் அவள் மேஜையைக் கதவோரமாக, துடைப்பம் சாத்தி வைக்கிற மூலைக்குத் தள்ளிவிட்டார்கள், அது உனக்குத் தெரியுமா? அடுத்த வருஷத்துக்கு வேறு பள்ளிக்கூடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று தலைமையாசிரியை என் கையைப் பிடித்துக்கொண்டு இனிக்க இனிக்கச் சொன்னார். அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். ஒரு நாள் சாயங்காலம் ஒரு பக்கக் கணக்கை முடிக்க முடியாமல் சின்னவள் தன் நெற்றியிலேயே படார் படாரென்று அடித்துக்கொண்டாள். "என் மண்டை கெட்ட மண்டைம்மா" என்றாள். அன்றைக்கு முடிவு பண்ணினேன். அந்த நேரத்தில் நீ இங்கே இருந்திருந்தால் நீயே அவளைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பாய்.

மாத்திரை ஆரம்பித்ததும் ஆளே மாறிவிட்டாள். உட்காரச் சொன்னால் உட்கார்ந்தாள். டீச்சர் பூரித்துப்போய் மேஜையை மறுபடி உள்ளே, தன் பக்கத்திலேயே போட்டுவிட்டார். உன் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. உன் அத்தைக்கோ "கொழந்த பொம்ம மாதிரி ஆயிட்டாளே". நீ போனில் பார்த்து "கண்ணுல உயிரே இல்லம்மா, மருந்து அவள முழுங்கிடுச்சு" என்று உறுதியாகச் சொன்னாய். நடுவில் அவளுக்குச் சாப்பாடு இறங்காமல் போனது. சாப்பிட உட்கார்ந்தால் அந்தப் பக்கம் அப்பா, இந்தப் பக்கம் அத்தை, எதிரே நான், சில நாள் போனில் நீ. பாவாடை இடுப்பில் நிற்கவில்லை, நான் பிடித்துத் தைத்தேன். எடை இன்னும் இறங்கினால் ஆய்விலிருந்து எடுத்துவிட வேண்டியிருக்கும், அவள் உடம்புதான் முக்கியம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

இப்போது உன் அப்பாவின் திருவிளையாடலைக் கேள். கடைத் தராசுகளை ரிப்பேர் பார்க்கிற மனுஷன், எடையில் யாராவது ஏமாற்றினால் தெருவே அதிரச் சண்டை போடுகிறவர், தன் பெட்டியிலிருந்து பித்தளை எடைக்கற்களை எடுத்து, சின்னவளின் பாவாடை மடிப்புக்குள் வைத்துச் சாக்குத் தைக்கிற மாதிரி தைத்துவிட்டார். மாத்திரை நின்றுவிட்டால் பிள்ளை மறுபடி துடைப்பம் பக்கத்துக்குப் போய்விடுவாளே என்று பயம். அந்தத் தடவை ஆஸ்பத்திரியில் எடை பார்த்த நர்ஸம்மா, ஏறியிருக்கிறதே என்று குறித்துக்கொண்டு சந்தோஷப்பட்டார். அடுத்த தடவை அதே பாவாடையோடு எடை மேடையில் ஏறிய சின்னவள் சும்மா நிற்காமல் ஒரு குதி குதித்தாள், கிணிங் கிணிங் என்று சத்தம். பாவாடையில் கல்லைத் தைக்கத் தெரிந்தவருக்கு, யார் பாவாடையில் தைக்கிறோம் என்று யோசிக்கத் தெரியவில்லை. நர்ஸம்மா விழிக்கிறார், உன் அப்பா சுவரில் இருந்த காலண்டரை மனப்பாடம் பண்ணுகிறார். "அவ கொலுசு" என்று வேறு சொல்லிப் பார்த்தார், பிள்ளையின் காலில் கொலுசே கிடையாது.

நான் அங்கேயே தையலைப் பிரித்துக் கற்களை மேஜைமேல் வைத்தேன். போன தடவை எழுதினதும் பொய், அதையும் அடித்துவிடுங்கள் என்றேன். உன் அப்பா "கொஞ்சம் வாய மூடேன்" என்று பல்லைக் கடித்தார். மூட முடியாது என்றேன். எங்கள் பிள்ளையை வைத்து எழுதுகிற கணக்கைப் பார்த்துத்தானே நாளைக்கு இன்னொருத்தி பிள்ளைக்கு மருந்து கொடுப்பார்கள், அந்தப் பிள்ளை இளைத்துப்போனால் யார் பதில் சொல்வது? டாக்டரம்மா திட்டவில்லை. சின்னவளை ஆய்விலிருந்து எடுத்துவிட்டார். இனி என்ன வைத்தியம் என்று முடிவு பண்ணுவதற்காக, அவளுக்கு எந்த மாத்திரை போனது என்று ஆய்வை நடத்துகிற மேலிடத்தில் கேட்டு வாங்கினார்.

வெறும் மாத்திரை.

படித்தாயா? நீ இத்தனை நாள் திட்டித் தீர்த்த மருந்தில் ஒரு துளிகூட அவள் வயிற்றுக்குள் போகவில்லை. பொம்மை ஆக்கியதும் அந்த வெறும் மாத்திரைதான், உயிரை முழுங்கியதும் அதுதான், டீச்சர் மெச்சியதும் அதைத்தான். நானும்தான் ஏமாந்தேன், அதற்காக வெட்கப்படவில்லை. பசி எங்கே போனது என்று டாக்டரம்மா சின்னவளிடமே கேட்டார். "எல்லாரும் என் தட்டையே பாக்கறாங்க, எப்படி முழுங்கறது" என்றாள். இப்போது அவளை ஜன்னலோரம் உட்காரவைத்து, நாங்கள் எங்கள் வேலையைப் பார்க்கிறோம், தட்டு தானாகக் காலியாகிறது.

உடனே நீ, மருந்தில்லாமலே சரியாகிவிட்டாளே, இனி எதற்கு என்று கேட்பாய். உன் அத்தை ஏற்கெனவே கேட்டாகிவிட்டது. சரியாகவில்லை மகனே. நெற்றியில் அடித்துக்கொள்வது மறுபடி வந்துவிட்டது. எடை கொஞ்சம் தேறியிருக்கிறது, அடுத்த திங்கட்கிழமை நிஜ மாத்திரையை ஆரம்பிக்கிறோம், மிகக் குறைந்த அளவில், வாராவாரம் காட்டிக்கொண்டு. ஒத்துக்கொள்ளாவிட்டால் நிறுத்துகிற முதல் ஆளும் நானாகத்தான் இருப்பேன். அதுவரை நீயோ உன் அத்தையோ, ஏன், உலகமே திரண்டு வந்தாலும் என்னைத் தடுக்க முடியாது. விஷம், போதை என்கிற வார்த்தைகளை என்னிடம் எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல், அவள் காதில் விழுந்தால் உன்னோடு பேசமாட்டேன்.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ, ராத்திரி சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும், உன் கோபம் மட்டும் சீக்கிரம் போய்ச் சேரட்டும். சின்னவளுக்குப் போன் பண்ணு, மருந்தைப் பற்றி அவளாகச் சொன்னால் மட்டும் கேள். ஆனானப்பட்ட டாக்டரம்மாவே கண்ணைத் துடைத்துக்கொண்டதை மட்டும் சொல்லிவிட்டு முடிக்கிறேன். அது வெறும் மாத்திரைதான் என்று சொன்னதும் சின்னவள் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்புறம், "மாத்திர போட்டா உக்காரணும்னு சொன்னீங்கல்ல, அதான் ரெண்டு கையாலயும் பெஞ்ச இறுக்கிப் புடிச்சுக்கிட்டே இருந்தேன். உள்ள ஓடிக்கிட்டேதான் இருந்துச்சு" என்றாள். உள்ளங்கையை விரித்துக் காட்டினாள், விரல் அடியெல்லாம் காய்த்துப் போயிருந்தது. "நெஜ மாத்திர போட்டா கைய விட்டுடலாமா?" என்று கேட்டாள்.

இப்படிக்கு,
யார் சொன்னாலும் கேட்காத உன் அம்மா