இரண்டு அளவு பெரிய செருப்பு

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

நான் நலம். நீயும் வயிற்றில் இருப்பதும் நலம்தானே? போனில் சொன்னால் சிரித்தே மழுப்பிவிடுவாய். அதனால் எழுதிப் படம்பிடித்து அனுப்புகிறேன்.

பக்கத்துக் கடைத் தையல்காரரின் மனைவிக்கு எட்டாம் மாதத்தில் நேற்று வலிப்பு வந்துவிட்டது. பயப்படாதே, அவசரமாக ஆபரேஷன் செய்து தாயையும் பிள்ளையையும் காப்பாற்றிவிட்டார்கள்.

முந்தின நாள்தான் என் கடைக்கு வந்திருந்தாள். "அண்ணே, போன மாசம் வாங்கின செருப்புல கால் நுழைய மாட்டேங்குது. பெருசா குடுங்க. தலைவலி வேற உயிரை வாங்குது."

"மாசமா இருந்தா கால் வீங்கத்தாம்மா செய்யும்" என்று பெரிய டாக்டர் மாதிரி சொல்லி, இரண்டு அளவு கூட்டிக் கொடுத்தேன். செருப்பு வியாபாரி புத்தி காலோடு நின்றுவிட்டது. முகமும் ஊதியிருந்ததை நான் கவனிக்கவில்லை. ரத்த அழுத்தம் ஏறினால் இப்படியெல்லாம் காட்டுமாம். துணைக்குப் போன நான் செருப்புக் கதையைச் சொன்னதும், ஆஸ்பத்திரி நர்ஸ் என்னைப் பிடித்துத் திட்டினார்.

போன வாரம் நீயும் பெரிய செருப்புதான் கேட்டாய். கட்டிய பார்சலைப் பிரித்துவிட்டேன். கடையில் உட்கார முடியவில்லை. உன் காலைப் படம் எடுத்து அனுப்பு. முகமும் அதில் விழட்டும். தலைவலி, கண் மங்கல் இருந்தால் மறைக்காதே.

சரக்கு வண்டி வந்துவிட்டது, முடிக்கிறேன். பிரசவத்துக்கு வரச் சொன்னபோது சீசனைக் காட்டி இழுத்தேன். இனிப் பேரம் இல்லை, நீ கேட்ட விலைக்கே சம்மதம்: ஒரு மாதம் முன்பே வந்து நிற்கிறேன். பதிலுக்கு, அம்மாவைக் கூட்டிக்கொண்டு இன்றைக்கே போய் நீ ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும்.