தேடுதல் நின்ற இடம்

பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, முழங்கால்தான் மாடிப்படியைக் கண்டால் முறைத்துக்கொள்கிறது. நீ நலமா என்று கேட்டுவிட்டுத்தான் மேலே எழுத வேண்டும், ஆனால் இருபது நாளாக உன்னை டிவியில் பார்த்துக்கொண்டிருக்கிறேன், நீ நலமாக இல்லை என்று கேட்காமலே தெரிகிறது. மூக்குக்கண்ணாடி போட ஆரம்பித்திருக்கிறாய். எப்போதிருந்து? ஊருக்கெல்லாம் தெரிந்த பிறகுதான் அப்பனுக்குத் தெரிகிறது. போனில் பேசினால் சாப்டீங்களா, மாத்திரை போட்டீங்களா என்பாய், நான் ஆச்சு ஆச்சு என்பேன், அதற்குள் உன்னை யாராவது கூப்பிட்டுவிடுவார்கள். அதனால்தான் கடிதம்.

அன்று நீ காகிதத்தைப் பார்த்து வாசித்தாயே, ஒன்பது நாள் தேடிவிட்டோம், அடுத்த புயல் வருகிறது, கவிழ்ந்த பயணிகள் படகில் காணாமல்போன முப்பத்தொரு பேரைத் தேடும் வேலையை இத்துடன் நிறுத்துகிறோம் என்று, அதை நான் எதிர்வீட்டுக் கணக்கு வாத்தியாரோடு உட்கார்ந்துதான் பார்த்தேன். தினமும் சாயங்காலம் செஸ் ஆட வருவார், தோற்றால் வெளிச்சம் பத்தவில்லை என்பார். நீ அட்மிரல் ஆன அன்று நான் தூக்கி வளர்த்த பொண்ணு என்று கட்டடம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார், நாம் இங்கே குடிவந்தபோதே உனக்கு முப்பது வயது. அந்த மனுஷன் ஆட்டத்தைப் பாதியில் விட்டு எழுந்தார். நூத்தி அறுபது பேரக் காப்பாத்துனா, சரி, மிச்சப் பேர எப்படிப்பா கடல்ல விட்டுட்டு வர முடியும் என்றார். அதற்குப் பிறகு அவர் வருவதில்லை. படிக்கட்டில் எதிரே வருகிறவர்கள் என்னைக் கண்டதும் பையில் சாவியைத் தேடுகிறார்கள். அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது, நம் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் லாண்டரி வைத்திருக்கிறாளே, அவள் கணவன் அந்தப் படகில் இன்ஜின் அறையில் வேலை பார்த்தவன். முப்பத்தொரு பேரில் அவனும் ஒருவன்.

பேச ஆளில்லாத வீட்டில் மனசு பழசைத்தான் கிளறுகிறது. நீ கடலோரக் காவல் படையில் சேர்ந்த முதல் மூன்று மாதம் ரோந்துப் படகில் வாந்தி எடுத்தே துரும்பாகிவிட்டாய், அம்மா திரும்பி வந்துவிடு என்று அழுதாள், நீ கடல் எனக்குப் பழகுதா நான் கடலுக்குப் பழகுறேனான்னு பாத்துடறேன் என்றாய். எண்ணெய்க் கப்பல் உடைந்து கரையெல்லாம் கறுத்தபோது மீன்பிடிக்கிறவர்களோடு நின்று நாற்பது நாள் வாளியில் அள்ளினாய். வெள்ளத்தில் கூரை கூரையாகப் போய் ஆட்களை இறக்கினாய். ஒவ்வொரு பேரிடருக்கும் தோளில் ஒரு பட்டை கூடியது, ஒவ்வொரு பட்டைக்கும் நீ இன்னும் கொஞ்சம் தூரமாகப் போனாய். அம்மா கண்ணை மூடியபோதும் நீ நிலநடுக்கம் வந்த தீவுக்கு மருந்துக் கப்பல்களை அனுப்பிக்கொண்டிருந்தாய், மூன்றாம் நாள்தான் வந்தாய். அந்தக் கோபம் இப்போது இல்லை என்றால் பொய், கொஞ்சம் இருக்கிறது, வீட்டில் அதுவாவது கூட இருக்கட்டும் என்று வைத்திருக்கிறேன்.

நீ ஒரே ஒருமுறைதான் வேலையைப் பற்றி என்னிடம் மனம்விட்டுப் பேசினாய். கேப்டனாக இருந்தபோது, மூழ்கிய சரக்குக் கப்பலைத் தேடி, எல்லோரும் போதும் என்ற பிறகும் இன்னும் ஒரே சுற்று என்று சிறு படகை அனுப்பினாய், அதில் போன மாலுமி ஒருவன் திரும்பவில்லை. இருபத்திரண்டு வயது. லீவில் வந்து சமையலறையில் உட்கார்ந்து, உரித்த வெங்காயத்தையே மறுபடி மறுபடி உரித்துக்கொண்டு சொன்னாய். யார்கிட்டயும் சொல்லாதீங்கப்பா என்றாய். பதினெட்டு வருஷம் சொல்லவில்லை. போன வாரம் சொல்லிவிட்டேன். திட்டுவதற்கு முன்னால் நடந்ததைக் கேள்.

செவ்வாய்க்கிழமை துணி போடக் கீழே லாண்டரிக்குப் போனேன். வழக்கமாக என் சட்டைப் பையில் பேனா இருந்தால் அந்தப் பெண் என்னை உண்டு இல்லை என்று பண்ணிவிடுவாள். அன்று பேனாவை எடுத்து மேஜைமேல் வைத்தாள், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மறுநாள் ஒரு சுருக்கமில்லாமல் இஸ்திரி போட்டு நீட்டினாள், அதற்கும் ஒரு வார்த்தை இல்லை. கன்னத்தில் அறைந்திருந்தால்கூடத் தேவலை. வீட்டுக்கு வந்து அந்தச் சட்டையைப் போட மனசு வராமல் அப்படியே வைத்துவிட்டு, வெறுங்கையோடு மறுபடி இறங்கிப் போனேன். கடையில் வேறு யாரும் இல்லை, இயந்திரம் சுற்றிக்கொண்டிருந்தது. என்ன பேசுவதென்று யோசித்துக்கொண்டு போகவில்லை, அந்த மாலுமியின் கதைதான் வாயில் வந்தது. இன்னும் ஒரு சுத்துன்னு அனுப்பி ஒருத்தனத் தொலைச்சவம்மா அவ, அதனாலதான் இந்தத் தடவ நிறுத்துனா, மனசில்லாம இல்ல என்றேன். அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். பிறகு, அந்தப் பையனோட அம்மாவுக்கு இடம் தெரியுமா என்று கேட்டாள். எனக்குப் புரியவில்லை. கடல்ல எந்த இடம்னு தெரியுமா என்றாள். தெரியும்மா, எம் பொண்ணே அவங்க வீட்டுக்குப் போய் வரைபடத்த விரிச்சு, பென்சில்ல புள்ளி வச்சுக் காட்டிட்டு வந்தா என்றேன். அப்போதுதான் அவள் அழுதாள் பாப்பா. இத்தனை நாளில் அவள் அழுது யாரும் பார்த்ததில்லையாம். கடல்னு சொல்றாங்கப்பா எல்லாரும், கடல்னா எங்கன்னு நெனைக்கிறது, எந்தப் பக்கம் திரும்பி நிக்கிறது என்றாள். திரும்பத் தேடச் சொல்லல, கடைசியா எங்க தேடிட்டுத் திரும்புனாங்களோ அத மட்டும் எனக்கும் காட்டச் சொல்லுங்க என்றாள். சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். உன்னைக் கேட்காமல் கொடுத்தது தப்புதான்.

உன் அலுவலகத்துக்கு இது எத்தனையோ கடிதங்களில் ஒன்றாகத் தெரியலாம். முத்திரை குத்தின தாளில் அட்சரேகை, தீர்க்கரேகை என்று இரண்டு எண்ணை மட்டும் அனுப்பிவிடாதே. மற்ற முப்பது வீட்டிலும் யாராவது இதே கேள்வியோடு உட்கார்ந்திருப்பார்கள், அதையும் யோசி. நீ நிறுத்தியது சரியா தப்பா என்று சொல்ல எனக்குத் தெரியாது, நான் வெறும் பஸ் டிரைவர். ஆனால் டிவியில் அந்தக் காகிதத்தை வாசிக்கும்போது உன் குரல் ஒரு இடத்தில் உடைந்து சேர்ந்ததே, அதை ஊரில் வேறு யாரும் கவனிக்கவில்லை, நான் கவனித்தேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதினேன் போலிருக்கிறது.

நேரத்துக்குச் சாப்பிடு, நின்றுகொண்டே சாப்பிடாதே. கண் டாக்டர் சொன்னதை மறைக்காமல் எழுது. கடலும் காற்றும் உன்னையும் உன் ஆட்களையும் பத்திரமாகக் கரையேற்றட்டும், நீண்ட நாள் நன்றாக இரு. புயல் காலம் ஓய்ந்ததும் ஒரு நாள், ஒரே ஒரு நாள், வரைபடத்தை எடுத்துக்கொண்டு நீயே நேரில் வா. அவளுக்காகத்தான் கூப்பிடுகிறேன் என்று முதலில் எழுதினேன், அடித்துவிட்டேன். எனக்காகவும்தான்.

நாலாம் மாடியிலிருந்து,
உன் அப்பா