ஒரே அளவில் அறுத்த நாற்பது கதவுகள்

அன்புள்ள அப்பாவுக்கு,

முட்டிவலி குறைந்ததா? நான் நலம்.

ஒரகடத்தில் ஒரு பெண்கள் விடுதியின் பழைய நிலைகளுக்குப் புதுக் கதவு மாட்டுகிறோம். சூப்பர்வைசர் ஒரே ஒரு நிலையை, அதுவும் ஒடுக்கமானதை அளந்து, நாற்பது கதவையும் அந்த அளவுக்கே அறுக்கச் சொன்னான்.

“நிலைக்கு நிலை அளவு மாறுது சார்” என்றேன்.

“டிப்ளமோ படிச்சா நீ இன்னா பெரிய இஞ்சினியரா? அறுடா!”

அறுத்தேன். இப்போது குளியலறைகளில் தாழ்ப்பாள் எட்டவில்லை. “சந்துல அட்டை வெச்சி அடை” என்கிறான். “உங்க வீட்டு பாத்ரூமுக்கும் அட்டைதானா?” என்று கத்திவிட்டேன். இன்றுமுதல் எனக்கு மூட்டை தூக்கும் வேலை. உடம்புக்கு நல்லதுதான். ஆனால் அந்தக் கதவுகளை அறுத்தது என் கை. அந்த எரிச்சல்தான் ஆறவில்லை.

நம் பின்கதவு மழைக்கு உப்பி இடிக்கிறதாமே. யாரையும் இழைக்க விடாதீர்கள். நிலையை மேலே, நடுவே, கீழே அளந்து எழுதுங்கள். நான் வந்து இழைக்கிறேன்.

பஸ் வந்துவிட்டது.

இசக்கிராஜ்