பொக்காராப் பேரணியில் நான் கோஷம் போடவில்லை

அனுப்புநர்:
செல்வி நிரோஜினி குணரட்ணம்,
முகாமைத்துவ உதவியாளர்,
உப்புவெளி, திருகோணமலை.

பெறுநர்:
பணிப்பாளர் (ஒழுக்காற்று),
காணிப் பத்திர உதவிப் பணியகம்,
திருகோணமலை.

விடயம்: நேபாளத்தில் அரசியல் ஊர்வலத்தில் பங்குபற்றியதாக என்மீது சுமத்தப்பட்ட குற்றச்சாட்டையும், அதன்பின் சேர்க்கப்பட்ட மேலதிகக் குற்றச்சாட்டையும் நீக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் தங்கள் பணியகத்தில் பத்தொன்பது வருடங்களாகக் கடமையாற்றி வருகிறேன். செவ்வாய், வியாழன் நாட்களில் எனது மோட்டார் சைக்கிளில் கந்தளாய்க்குச் சென்று, மக்களின் காணிப் பத்திரங்களைக் கொண்டுபோய் அவர்கள் வீட்டிலேயே சரிபார்ப்பது என் களப்பணி. இக்களப்பணியை ஏற்ற ஏழு வருடங்களில் ஒரே ஒரு நாள் பிந்தினேன். அன்று வீதியில் யானை நின்றது. அதற்கான எழுத்துமூல விளக்கம் என் பணிக் கோவையில் உள்ளது.

2. கடந்த மார்ச் மாதம் பொக்காரா நகரில் பெண் மோட்டார் சைக்கிள் ஓட்டிகளின் ‘ராலி’ எனப்படும் சந்திப்பு ஒன்று நடந்தது. எனது தோழி ரிஸ்லாவும் நானும் அதற்குப் பதிவு செய்தோம். ரிஸ்லா கிண்ணியாவில் தையல் கடை வைத்திருப்பவர். தைத்த பாடசாலைச் சீருடைகளைத் தானே மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுப்பவர். வெளிநாட்டு விடுமுறைப் படிவத்தில் ‘பயணத்தின் நோக்கம்’ என்ற இடத்தை நல்ல தமிழில் நிரப்ப விரும்பி, ‘ராலி’ என்ற சொல்லுக்கு அகராதியைப் புரட்டி, ‘பெண்கள் பேரணியில் கலந்துகொள்ளல்’ என்று எழுதினேன். ‘மோட்டார் சைக்கிள்’ என்பது அந்தக் கோட்டுக்குள் அடங்கவில்லை. இவ்விவகாரத்தில் நான் செய்த பிழை இது ஒன்றே. விடுமுறையும் அனுமதிக்கப்பட்டது.

3. நான் திரும்பி வந்து மூன்று வாரங்களின் பின், ரிஸ்லா முகநூலில் இட்ட படமொன்றை, எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருக்கும் திரு. சசிகரன் பெரிதாக அச்சிட்டு மேலதிகாரியிடம் கொடுத்தார். அதே படத்துக்கு அவரே முன்னதாக இதயக்குறி போட்டிருந்தார் என்பதைப் பணிவுடன் குறிப்பிடுகிறேன். படத்தையும் விடுமுறைப் படிவத்தையும் ஒன்றாக வைத்துப் பார்த்து, ‘கறுப்பு உடையணிந்து, முகத்தை மறைத்து, கொடியுடன், கையை உயர்த்திக் கோஷமிட்டு ஊர்வலம் சென்றமை’ என்று குற்றப்பத்திரம் வந்தது.

4. இதற்கான எனது பதில்கள்: கறுப்பு உடை மழைக்கோட்டு. முகத்தை மறைத்தது தலைக்கவசம். அதை அணியாவிட்டால் வேறொரு குற்றப்பத்திரம் வந்திருக்கும். உயர்ந்திருக்கும் கை பின்னால் அமர்ந்திருந்த ரிஸ்லாவுடையது. கூட்டமாக ஓடும்போது முஷ்டியை உயர்த்தினால், பின்னால் வருபவர்கள் நிற்க வேண்டும் என்று பொருள். தலைக்கவசக் கண்ணாடியை உயர்த்தியிருந்ததால் தெரியும் திறந்த வாயும் அவருடையதே. அப்போது அவர் சொன்னது, “மாடு! நிரோஜினி, மாடு!” என்பதுதான். அந்த மாட்டின் வால் படத்தின் இடது ஓரத்தில் தெரிகிறது. திரு. சசிகரன் பெரிதாக்கியபோது வால் வெட்டுப்பட்டுவிட்டது. வாலுடன் கூடிய மூலப்படத்தை இணைத்துள்ளேன்.

5. முதலாவது விசாரணை, ஓய்வுபெற்ற அதிகாரியான திரு. இராசையா அவர்களால் நடத்தப்பட்டது. அதன் பதிவில் ‘விளக்கம் திருப்தியில்லை’ என்று மட்டுமே உள்ளதால், நடந்த கதையை அப்படியே தருகிறேன்.

“கொடியில ஆட்டுத்தலை இருக்குது. ஆடு எந்தக் கட்சியின்ர சின்னம், மிஸ்?”

“கட்சி இல்லை ஐயா, அது மலை ஆடு. பனிப்புகாருக்குள்ள பின்னால வாறவைக்கு எங்களைத் தெரியவேணும் எண்டுதான் எல்லாருக்கும் கொடி கட்டிவிட்டவை.”

“சரி. உங்கட கோரிக்கை என்ன?”

“கோரிக்கை ஒண்டும் இல்லை ஐயா. ஓடத்தான் போனனாங்கள்.”

“ஒரு கோரிக்கையும் இல்லாமல் இருநூறு பொம்பிளையள் ஒண்டாப் போவினமோ?”

 அந்தக் கேள்வியோடு விசாரணை முடிக்கப்பட்டது.

6. ரிஸ்லா என் பின்னால் அமர்ந்திருந்த காரணத்தையும் யாரும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் சேற்றில் அவருடைய வாடகை மோட்டார் சைக்கிள் சறுக்கி, கணுக்கால் பிசகிவிட்டது. “நான் மௌத்தாப் போனாலும் என்ட தையல் மெஷின வித்துராதீங்க” என்று சாகப்போகிறவர் போல அழுதார். ஐந்து நிமிடம் கழித்து, “இவ்வளவு தூரம் வந்துட்டு மலையப் பாக்காம ஏலாது, ஏத்துங்க” என்றார். நான் அதுவரை மலைப்பாதையில் யாரையும் ஏற்றி ஓடியதில்லை. நாற்பது கிலோமீற்றர் ஓடினேன். மேலே போய் இயந்திரத்தை நிறுத்தியபோது முகில் விலகியது. எங்கள் ஊர்க் கோணேசர் மலையைவிட உயரமான இடத்தில் நான் இப்பயணத்துக்கு முன் நின்றதில்லை. பனிமலை முழுவதும் எதிரில் நின்றது. நாற்பத்துநான்கு வயதில் எனக்கு இப்படி ஒரு காலைப்பொழுது கிடைக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை. இப்பந்தி விசாரணைக்குத் தேவையற்றது எனத் தாங்கள் கருதினால் விட்டுவிட்டு வாசிக்கலாம். எழுதாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

7. படத்தில் மோட்டார் சைக்கிள் இருப்பதால், விசாரணை முடியும்வரை நான் மோட்டார் சைக்கிளில் கடமைக்கு வரக்கூடாது என உத்தரவிடப்பட்டுள்ளது. பஸ்ஸில் கந்தளாய்க்குப் போய் வீடு வீடாகச் செல்ல ஏலாது என்பதால் களப்பணியும் நிறுத்தப்பட்டது. முப்பத்தொரு குடும்பங்களின் பத்திரங்கள் என் அலுமாரியில் கிடக்கின்றன. அவர்களில் ஒருவரான திருமதி அன்னலட்சுமி இரண்டு பஸ் மாறி வந்து, “பிள்ளை, நீங்கள் ஏதோ கட்சியில சேந்திட்டியளாம், உண்மையோ?” என்று விசாரித்துவிட்டுப் போனார்.

8. இரண்டாவது விசாரணை யூன் ஒன்பதாம் திகதி முடிந்தபின், வாசலில் திரு. இராசையா அவர்களின் மோட்டார் சைக்கிள் இயங்க மறுத்தது. அவருடைய மனைவி கண் கிளினிக்கில் காத்திருந்தார். திரு. இராசையா பதினான்கு தடவை உதைப்பதை நான் பஸ் தரிப்பிடத்தில் நின்று எண்ணினேன். அதற்குமேல் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. போய் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, கைலேஞ்சியால் துடைத்துப் பூட்டினேன். இரண்டாவது உதையில் இயங்கியது. “பெரிய உதவி, மிஸ்” என்று சொல்லிப் போனார். அவர் நேர்மையானவர், நடந்ததை மறைக்காமல் தன் விசாரணைக் குறிப்பில் எழுதிவிட்டார். அதை வாசித்த அலுவலகம், ‘விசாரணை அதிகாரியின் வாகனத்தைத் திருத்தி அவரைத் தன்வசப்படுத்த முயன்றமை’ என்று நான்காம் நாள் இரண்டாவது குற்றச்சாட்டைச் சேர்த்தது.

ஆகவே ஐயா, மாட்டின் வாலைத் தாங்களே நேரில் பார்வையிட்டு, என் களப்பணியை மீளத் தந்து, முப்பத்தொரு குடும்பங்களின் பத்திரங்களைக் கொண்டுபோக அனுமதிக்குமாறு வேண்டுகிறேன். இரண்டு குற்றச்சாட்டுகளையும் நீக்குவதே நீதி. ஏதாவது ஒன்றைக் கோவையில் வைத்திருந்தே ஆகவேண்டும் என்று விதி இருந்தால், இரண்டாவதை வைத்திருங்கள். அதை நான் உண்மையாகவே செய்தேன்.

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,

(ஒப்பம்) நி. குணரட்ணம்

இடம்: உப்புவெளி
திகதி: 2025.07.02

இணைப்பு: வாலுடன் கூடிய படம் – 1